சோக்கை உள்ளே தள்ளும்போது

ஜெசிந்தா சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. குன்னூரில் டிசம்பர் மாதத்தில் அந்த நேரத்துக்கு விடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது, விடியவில்லை என்றும் சொல்ல முடியாது; தகரக் கொட்டகை வாசல் வரைக்கும் மூடுபனி வந்து நின்றிருந்தது, ஸ்டீயரிங்கைத் தொட்ட விரல்கள் மரத்துப்போயின. திருப்பினால் தீர்ந்தது. ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்புதான். எஞ்சின் பிடித்து ஐந்து நிமிடம் ஓடிவிட்டால் சூடேறிவிடும், சூடேறிவிட்டால் இந்தப் பழைய ஹெரால்டு காருக்கு ஒரு குறையும் இல்லை, ஊட்டி வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறும், எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினாலும் வண்டி நல்லாத்தானே இருக்கு என்பார். கோளாறு குளிர்ந்த எஞ்சினில் மட்டும்தான், முதல் மூன்று நான்கு நிமிடத்துக்குள் மட்டும்தான். அதைத் தவறவிட்டால் வண்டி ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து மறுபடி சில்லிட்டுப் போகிற வரை காத்திருக்க வேண்டும், அதாவது மறுநாள் காலை, அப்படியே பதினோரு காலைகள் போய்விட்டன, இது பன்னிரண்டாவது. பதின்மூன்றாவது என்று ஒன்று கிடையாது. இன்று சனிக்கிழமை. சனிக்கிழமை வரைதான் முதியோர் இல்லத்தில் அக்காவுக்கான கட்டிலைப் பிடித்துவைக்க முடியும் என்று சிஸ்டர் வியான்னி போனில் சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அப்படிச் சொல்லவில்லை, அவர்களுக்கும் அலுப்பு, இன்னொருத்தரும் காத்திருக்காங்க ஜெசிந்தாம்மா, திங்கட்கிழமை அவங்களைச் சேர்த்துக்கணும் என்றார்கள். வண்டி சரியாகட்டும் சிஸ்டர், டாக்ஸியில அக்காவுக்கு ஏற வராது, எங்க வண்டியோட கதவுதான் அகலம் என்று இவள் சொன்னாள், அது பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்லும்போது குரல் எவ்வளவு நன்றாக வருகிறது.

காரமடையைத் தாண்டித் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது அந்த இல்லம், கன்னியாஸ்திரிகள் நடத்துவது. இரண்டு தடவை போய்ப் பார்த்தாயிற்று. சுத்தமாக இருந்தது, ஃபினாயில் வாசனைக்கு மேல் யாரோ தாளித்த வாசனை இருந்தது, அது அவளுக்குப் பிடித்தது, சமையல் நடக்கிற இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள். ஜன்னலோரக் கட்டில். அதில் அக்கா ஆக்னஸ் படுத்திருப்பதை மனதில் வைத்துப் பார்த்தாள், வைக்க முடியவில்லை, கட்டில் மட்டும்தான் தெரிந்தது. அக்காவுக்கு எழுபத்திரண்டு, இவளுக்கு அறுபத்து மூன்று. மாமா இறந்தபின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். கான்வென்டில் தையல் டீச்சராக இருந்தவள், நிற்பதே நூல் பிடித்தாற்போல நிற்பாள். போன வருடம் அக்டோபரில் குளியலறையில் விழுந்தாள், இடுப்பில் கம்பி வைத்தார்கள், கம்பி சேர்ந்தது, அக்கா சேரவில்லை, அப்புறம் கை நடுக்கம் வந்தது, காலும் இறுகிப்போயிற்று. பதினான்கு மாதம். ராத்திரிக்கு மூன்று தடவை எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தூக்கி உட்காரவைக்க வேண்டும், துடைக்க வேண்டும், அக்கா மெலிந்துகொண்டே வந்தாலும் தூக்கும்போது கனம் கூடிக்கொண்டே போகிறது, அது எப்படி. தூக்கம் இல்லாததால் வருகிற களைப்பு இது இல்லை என்று ஜெசிந்தா நினைத்தாள், தூங்கினால் போகிற களைப்பாக இருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தூங்கினபோது போயிருக்க வேண்டும், போகவில்லை, எழுந்து உட்கார்ந்தபோது அது ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தது. பூசையில் முழங்காலிட்டவள் எழ முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பக்கத்திலிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

சாவியைத் திருப்பு. திருப்புகிறேன். முதலில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிடலாம். பக்கத்து சீட்டில் கிடந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிரித்தாள். எதையும் எழுதிவைக்கிற பழக்கம் எக்ஸ்சேஞ்ச் வேலையில் வந்தது, முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், கடைசிப் பத்து வருடம் சூப்பர்வைசர். முதல் நாள்: பிளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பலன் இல்லை. இரண்டாம் நாள்: பாயின்ட் இடைவெளி பார்த்தேன், சரியாக இருக்கிறது. மூன்றாம் நாள்: சோக் கேபிள் முழுதாக இழுபடுகிறது, தகடு நன்றாக மூடுகிறது. நாலாம் நாள், நாலாம் நாளில் தேதி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள்: பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். ஆறு: கார்புரேட்டரில் ஸ்லோ ஸ்பீடு ஜெட்டைக் கழற்றி ஊதினேன். ஏழிலிருந்து பதினொன்று வரை ஏதேதோ திருகு, கால் சுற்று உள்ளே, அரைச் சுற்று வெளியே. கீழ் பஜாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மொய்தீன் பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த மாதிரி நோவு ஓடி வந்து சூடாகி நிக்கிற வண்டில தெரியாதும்மா, ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு நானே உங்க வீட்டுக்கு வந்துர்றேன், அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவேன் என்றார். வேண்டாம் பாய், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றாள் இவள். அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆச்சரியப்பட்டவர் மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை, துணியில் கையைத் துடைத்தபடி, சோக்கை உள்ளே தள்ளினா நிக்குதுன்னா எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ளே போகுதும்மா, அதைப் பாருங்க என்று மட்டும் சொன்னார். திருட்டுத்தனமா என்ற சொல் அன்றைக்கெல்லாம் காதிலேயே இருந்தது.

திருப்பினாள். சோக் குமிழ் முழுக்க வெளியே இழுத்தபடி இருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டு கரகரவென்று கத்தியது, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, பின்னால் கறுப்புப் புகை வந்திருக்கும், பெட்ரோல் நெடி உள்ளே வரைக்கும் வந்தது. இதுவரை எல்லாம் சரி. சோக் வெளியே இருக்கும்வரை பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டிருக்கும், எந்தக் குறையையும் அது மூடிவிடும், ஆனால் அப்படியே விட்டுவைக்க முடியாது, பிளக் கரி பிடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம். ஒரு காலத்தில் வெளியூருக்கு எக்ஸ்சேஞ்ச் வழியாகப் பேசும் டிரங்க் காலில் மூன்று நிமிடம் என்றால் ஒரு வாழ்க்கை, மூன்று நிமிடம் முடிந்ததும் நடுவில் நுழைந்து தொடரலாமா என்று கேட்க வேண்டும், மூணு நிமிஷம் முடிஞ்சது, தொடரவா. எத்தனை பேரை அப்படிக் கேட்டிருப்பாள். ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளை தன் அம்மா செத்ததைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார், லைனில் மூச்சு மட்டும் வந்தது, மூன்று நிமிடம் ஆனபோது இவள் கேட்கவில்லை, நான்காவது நிமிடமும் கேட்கவில்லை, அப்புறம் அவரே, இருக்கீங்களா மேடம், போதும், வெட்டிடுங்க என்றார். இருக்கீங்களா என்று அவர் கேட்டது அந்தப் பக்கம் இருந்தவர்களை இல்லை, இவளை. ஏன் இப்போது அது நினைவுக்கு வர வேண்டும். சோக்கைப் பாதி தள்ளினாள். சத்தம் இறங்கியது, தடுமாறியது, கிழவி மாடிப்படி இறங்குவது போல ஒரு கால் வைத்து மறுகால் வைக்குமுன் யோசித்தது; முழுக்கத் தள்ளினாள், ஒரு உலுக்கு, இன்னொரு உலுக்கு, நின்றுவிட்டது. கொட்டகையில் திடீரென்று அவ்வளவு அமைதி. எங்கோ பக்கத்துத் தேயிலைச் சரிவில் காட்டுமாடு ஒன்று மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது.

நின்றதும் நெஞ்சுக்குள் வந்ததே அது என்ன. பதினோரு நாளும் வந்தது, இன்றும் வந்தது. எரிச்சல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். எரிச்சல் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள் என்று காலையில் யாரோ வந்து சொன்னால் வருமே, அது. இன்றைக்குப் போக வேண்டாம். போக முடியாது, வண்டி நிற்கிறது. நான் என்ன செய்ய, வண்டி நிற்கிறது, சோக்கோடு ஓடவிட்டுச் சூடேற்றினால் போகும் என்பதை நினைக்காமல் இருந்தால் போதும். உள்ளே போய், இன்னைக்கும் சரியா வரலைக்கா என்று சொன்னால் அக்கா, பரவாயில்லை ஜெசி, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்பாள், அப்புறம் காபி, அப்புறம் வெந்நீர், அப்புறம் தூக்குவது. தூக்குவது என்று நினைத்ததுமே இடுப்புக்குக் கீழே பழைய இடத்தில் சுருக்கென்றது. இதற்கா லீவு. இன்னும் எத்தனை நாள் இப்படித் தூக்குவாய், போன வாரம் கை நழுவி அக்கா கட்டில் விளிம்பில் இடித்துக்கொண்டாள், தொடையில் நீலம் பாரித்திருக்கிறது, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றாள். அடுத்த தடவை தரையில் விழுவாள். இருவரும் விழுவோம். இரண்டு கிழவிகள் தரையில் கிடப்போம், பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போய்விடுவார். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் நின்றுவிடும், சோக்கை உள்ளே தள்ளினாற்போல.

இறங்கினாள். ஹெரால்டில் முன்பக்கம் முழுவதும், விளக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து ஒரே மூடியாக முன்னால் கவிழும், அதைத் திறந்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். எண்பத்தொன்பதில் இதை இரண்டாம் கையாக வாங்கியதே அதற்காகத்தான், பெண்பிள்ளைக்கு எதுக்கும்மா கார் என்று கேட்டவர்களின் முன்னால் டயரில் உட்கார்ந்து தானே பிளக் மாற்றியவள். இன்று டயரில் உட்கார்ந்தபோது முனகல் வந்தது. குளிர் புடவைக்குள்ளும் ஸ்வெட்டருக்குள்ளும் ஏறியது. கருவிப் பெட்டியில் ஒரு முழ நீளத்துக்கு ரப்பர் குழாய் கிடந்தது, எனிமா குழாயை வெட்டினது. அதை வைத்துக் கேட்கலாம் என்று பாய் சொல்லித் தரவில்லை, அவளுக்கே தோன்றியது, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சினில் ஒவ்வொரு இடமாக நகர்த்தினால் எங்கே காற்று போகிறதோ அங்கே சீறும். முப்பத்து மூன்று வருடம் காதை வைத்துப் பிழைத்தவள். ஈர வயரையும் உடைந்த வயரையும் சத்தத்திலேயே பிரித்துச் சொல்வாள், பேசுகிறவர் பொய் சொல்கிறாரா என்றுகூட. அவளுக்குத் தெரியாமலா இருக்கும். தெரியும். நாலாம் நாளே தெரியும்.

நாலாம் நாள் இதே டயரில் உட்கார்ந்து, இதே குழாயைக் காதில் வைத்து, கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலும் காற்றும் போகிற மேனிஃபோல்டு குழாய் எஞ்சினோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது ஸ்ஸ் என்று ஒன்று கேட்டது. கேட்டது. மெல்லிய, ஒழுங்கான சீறல், தூக்கத்தில் பல்லிடுக்கில் மூச்சுவிடுவது போல. உடனே குழாயை எடுத்துவிட்டாள். ரேடியேட்டர் காத்தாடிச் சத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி வைத்துப் பார்க்கவில்லை. எழுந்துபோய் அக்காவுக்குக் கஞ்சி வைத்தாள். அன்றைக்கு நோட்டில் தேதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டாள். அதன்பின் பிரித்துப் போட்டதெல்லாம் கெட்டுப்போகாத சாமான்கள், ஊதினதெல்லாம் அடைக்காத துவாரங்கள். ஏழு காலை. ஏழு காலை தன்னையே ஏமாற்றிக்கொள்ள ஒருத்திக்கு இவ்வளவு உழைப்பு தேவையா. மற்றவர்களை ஏமாற்ற இதில் பாதிகூட வேண்டாமே. யாருக்காக அனுப்ப மனமில்லாமல் இது, அக்காவுக்காகவா. அக்கா இல்லாத வீட்டில் காலை ஆறு மணிக்கு எழுந்து என்ன செய்வாள் என்பதற்காகவா. அந்தக் கேள்வியை முழுதாகக் கேட்க அவளிடம் தெம்பில்லை, ஓரமாகத் தள்ளிவைத்தாள், அது ஓரத்திலேயே நின்றது.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் இன்னும் சில்லென்றுதான் இருந்தது, பிடித்துக்கொண்டது. சோக்கைப் பாதிக்குத் தள்ளிவிட்டு ஓடிவந்து டயரில் உட்கார்ந்து, நிற்கப் போகிற எஞ்சினைக் கார்புரேட்டரின் ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து ஓடவைத்தாள், மறுகையால் குழாய். எங்கே என்று தேடவே இல்லை. கை நேராகப் போனது. ஸ்ஸ். பதினான்கு மாதத்தில் வேறெதுவும் இவ்வளவு தெளிவாக அவளோடு பேசவில்லை. அக்காவின் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய்க் குப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்த இணைப்பில் இரண்டு சொட்டு விட்டாள். எண்ணெய் ஒரு கணம் மினுங்கியது, அடுத்த கணம் உள்ளே உறிஞ்சிக்கொண்டது, எஞ்சினின் தடுமாற்றம் மட்டுப்பட்டு இரண்டு மூன்று விநாடி சீராக ஓடியது, பிறகு பழையபடி. வேறு சாட்சி வேண்டாம். விரலை எடுத்தாள், எஞ்சின் நின்றது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை அடியில் விட்டுத் தடவினாள். மேல் நட் இறுக்கமாக இருந்தது. கீழ் நட், கண்ணுக்குத் தெரியாத மறைவில், விரலாலேயே சுற்ற வந்தது. மழைக்காலத்தில் அந்த இணைப்பின் நடுவே இருக்கும் கேஸ்கெட்டை அவளேதான் மாற்றினாள், மாற்றி, ஓட்டி, சூடாகி ஆறினபின் நட்டை ஒரு தடவை மறுபடி இறுக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான், அன்றைக்கு அக்காவுக்குக் காய்ச்சல், மறந்துவிட்டாள். குளிரில் அங்கே ஒரு நூலிழைச் சந்து. சூடேறினால் உலோகம் விரிந்து சந்து மூடிக்கொள்ளும், அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. அரை இஞ்ச் ஸ்பேனரைக் கொடுத்துச் சுற்றினாள், இடம் போதாமல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் நகர்ந்தது, முழங்கை இரும்பில் உரசித் தோல் வழன்றது. கடைசிச் சுற்றில் நட் கிறீச்சென்று நின்றது.

ஸ்டார்ட் செய்தாள். சோக்கைக் கால் பங்கு தள்ளினாள், பாதி தள்ளினாள், முழுக்கத் தள்ளினாள். எஞ்சின் ஒரு தடவை தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓடியது. ஓடிக்கொண்டேயிருந்தது. தாழ்ந்த, வட்டமான, ஒன்றுபோலான சத்தம். ஜெசிந்தா கதவைத் திறந்து வைத்தபடி சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து அதைக் கேட்டாள், ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நிற்கட்டும் என்று காத்திருக்கிறாள் என்பது அவளுக்கே மூன்றாவது நிமிடத்தில்தான் உறைத்தது. நிற்கவில்லை. மூடுபனிக்குப் பின்னால் வெளிச்சம் கூடியது. எழுந்து மறுபடி முன்னால் போனாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியாது, ஸ்பேனர் கையில் இருந்தது, அது கீழ் நட்டைத் தானே கண்டுபிடித்து மாட்டிக்கொண்டது. இடது பக்கமாக அரைச் சுற்று. அரைச் சுற்றுப் போதும். யாருக்கும் தெரியாது. சிஸ்டர் வியான்னியிடம் பேசிக்கொள்ளலாம், வேறு கட்டில் காலியாகும், பொங்கல் கழியட்டும், அக்காவின் பிறந்த நாள் கழியட்டும். அழுத்தினாள். நட் அசையவில்லை. அவள்தான் இறுக்கியது. இன்னொரு தடவை அழுத்தினாள், ஸ்பேனர் நழுவி அடியில் விழுந்து தரையில் ஒலித்தது. குனிந்து எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. நல்லவளாக இருந்து விட்டுவிட்டாள் என்று பிற்பாடு நினைத்துக்கொள்ளலாம், அது நிஜமில்லை, அவிழ்க்கக்கூட அவளிடம் பலம் மிச்சமில்லை, அவ்வளவுதான். இறுக்குவதற்கே எல்லாம் செலவாகிவிட்டது. எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்காமலேயே வீட்டுக்குள் போனாள்.

அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்த நிலையில், ஜன்னல் பக்கமாக முகம் திரும்பியிருந்தது, போர்வைக்கு மேல் வலது கை எதையோ தைப்பது போல நடுங்கிக்கொண்டிருந்தது. கொட்டகை ஜன்னலுக்கு நேர் எதிரே. ஜெசிந்தா கட்டிலோரம் நின்றாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று நின்றாள்.

"சத்தம் மாறிடுச்சே" என்றாள் ஆக்னஸ்.

"ஒரு நட் லூசா இருந்துச்சு. இறுக்கிட்டேன்."

அக்கா தலையசைத்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, இதோடு விடலாம். பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கலாம், கை வேலையாக இருந்தால் வாய் பேச வேண்டியதில்லை. ஆனால் நடுங்கும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வாயில் வேறு வந்தது.

"நாலாம் நாளே எனக்குத் தெரியும்கா. எங்கேன்னு காதுல கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்துட்டேன். இப்பக்கூட மறுபடி லூஸ் பண்ணப் பாத்தேன், வரலை." மூச்சு வாங்கியது. "உன்னை அனுப்பவும் மனசு வரலை. வெச்சுக்கவும் என்னால முடியலைக்கா. நான் ரொம்ப ஓய்ஞ்சுட்டேன்."

சொன்னபின் அறையில் எதுவும் இடிந்து விழவில்லை. பதினான்கு மாதமாக எந்த வார்த்தை வெளியே வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது வந்து கட்டிலோரத்தில் சாதுவாக நின்றது. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கோபப்படுவாளா, அழுவாளா, அக்கா அழுது ஜெசிந்தா பார்த்ததே இரண்டு முறைதான். ஆக்னஸ் நடுங்கும் கையை நடுங்காத கையால் பிடித்து நிறுத்திக்கொண்டாள், முக்கியமான எதையும் சொல்வதற்கு முன் இப்போதெல்லாம் அப்படிச் செய்வாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்லை ஜெசி" என்றாள். "எட்டு மாசம் இருக்கும். குடிச்சா ராத்திரி உன்னை எழுப்பணும். நீ கொண்டுவந்து வைக்கிறதை ஜன்னல் வழியா செடிக்கு ஊத்திருவேன்."

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் வந்த காய்ச்சல், நீர்க்கடுப்பு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னது, குடிச்சுக்கிட்டுத்தானே இருக்காங்க என்று இவள் அவரிடம் கோபித்துக்கொண்டது, அக்காவின் உதட்டில் வெடிப்பு, வெண்ணெய் தடவியது, அந்த வெடிப்பில். மூன்று தடவை எழுந்ததற்கே இவ்வளவு. நாலாவது தடவை, ஐந்தாவது தடவை எழுப்பாமல் அங்கே ஒருத்தி இருட்டில் நாக்கு வறண்டு கிடந்திருக்கிறாள், இவள் எழுந்து வருகிற காலடிச் சத்தத்தில் களைப்பு எவ்வளவு என்று எண்ணிக்கொண்டு. கேட்கத் தெரிந்தவள் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாளே, ஒரு வீட்டுக்குள் இருந்த இந்தச் சத்தம் கேட்கவில்லையே. ஏன்கா சொல்லலை என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. நீ மட்டும் சொன்னியா என்று அக்கா திருப்பிக் கேட்கமாட்டாள், அதனாலேயே கேட்கவில்லை.

"அங்கே போனா ராத்திரில தண்ணி குடிக்கலாம்" என்றாள் ஆக்னஸ். "ஆள் மாத்தி ஆள் இருப்பாங்கல்ல. யாரோ ஒருத்தி முழிச்சிருப்பா. அதுக்குத்தானே அவங்க இருக்காங்க." ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து, "நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வா. தூங்கிட்டு வா" என்றாள்.

ஜெசிந்தா அடுக்களைக்குப் போய் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துவந்தாள். அக்காவின் தலைக்கடியில் கையைக் கொடுத்துப் பிடித்தாள். அக்கா முழுவதையும் குடித்தாள், நடுவில் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி குடித்தாள், தொண்டை ஏறி இறங்குவதை ஜெசிந்தா பார்த்துக்கொண்டேயிருந்தாள். இன்னொரு டம்ளர் வேண்டுமா என்றாள். வேண்டும் என்றாள் அக்கா. அதன்பிறகு இருவரும் பேசியதெல்லாம் சாமான்களைப் பற்றித்தான், எந்த ஸ்வெட்டர், அந்த ஊரில் ஸ்வெட்டர் எதற்கு, ஜெபமாலை எங்கே, மூக்குக்கண்ணாடியின் இரண்டாவது ஜோடி, கத்தரிக்கோலை எடுத்துவைக்கலாமா கூடாதா. எடுத்து வை என்றாள் அக்கா, வெட்டுறதுக்கு இல்லை, சும்மா வெச்சுக்க.

ஏழரை மணிக்கு எதிர்வீட்டு லீலாவதியின் மருமகன் வந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான், ஜெசிந்தா ஒரு பக்கம். ஹெரால்டின் கதவு அகலமாகத் திறந்தது, அந்தப் பாதி உண்மை உண்மையாகவே இருந்தது, அக்கா சிரமமில்லாமல் உட்கார்ந்தாள். எஞ்சின் இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டேயிருந்ததில் வண்டிக்குள் லேசான சூடு பரவியிருந்தது. காலுக்கடியில் போர்வையைச் செருகிவிட்டு ஜெசிந்தா கியரைப் போட்டாள், கால் பிரேக்கிலேயே இருந்தது, எடுக்க வேண்டும் என்று காலுக்குச் சொன்னாள், கால் கேட்டுக்கொண்டது, கொஞ்சம் தாமதமாக. பஜாரைத் தாண்டி இறக்கம் தொடங்குவதற்குள் அக்காவின் தலை கதவுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தூங்கிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, உதடு ஈரமாக இருந்தது. மேட்டுப்பாளையம் போகிற மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடி என்று பலகை வைத்திருக்கிறார்கள், முப்பத்தைந்து வருடமாக ஒரு வளைவையும் அவள் ஹாரன் அடிக்காமல் கடந்ததில்லை. இன்று ஹாரனைத் தொடவில்லை, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தை நடை வேகத்துக்குக் குறைத்தாள், கண்ணாடியை இறக்கிவிட்டு, மூடுபனிக்குள் தலையை நீட்டி, எதிரே ஏறிவரும் லாரியின் முனகல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தாள், கேட்டால் ஓரமாக நின்று அது போனபின் வளைவில் திரும்பினாள். பின்னால் வந்த பஸ் ஒன்று பொறுமையிழந்து, ஆனால் என்னவோ ஹாரன் அடிக்காமல், கடந்துபோனது. பாதி இறக்கத்தில் இருக்கும் பர்லியார் வரை அப்படியே போனாள்.